மூச்சை அடைத்துத் திறக்கும் பலூன்

குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழல் தொடங்கும் இடத்தில், கிரிகாய்ட் என்னும் குருத்தெலும்பு முத்திரை மோதிரம்போல் சுற்றி நிற்கிறது. அதற்குக் கீழே உள்ள வளையங்கள் பின்புறம் திறந்தவை, லாட வடிவம் கொண்டவை. கிரிகாய்ட் மட்டும் முழு வட்டம். அங்கே உள்சவ்வு வீங்கினால் வெளிப்புறமாக விரிய இடமில்லை. வீக்கம் காற்று போகும் வழியைத்தான் தின்னும். வென்டிலேட்டருக்காக நாள்கணக்கில் செருகி வைத்த குழாய் சவ்வை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்தால் புண் வருகிறது. ஆறும்போது தழும்பாகி இறுகுகிறது. காரணம் தெரியாமல் வரும் சுருக்கமும் உண்டு. அது பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கே வருகிறது.

சீராக ஓடும் காற்றுக்குக் குழாய் தரும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 4 மி.மீ. விட்டமுள்ள குழந்தையின் பாதையில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் விட்டம் பாதியாகிறது. தடையோ 16 மடங்காகிறது. மூச்சை இழுக்கும்போது கேட்கும் கீச்சென்ற இரைச்சல் இந்தச் சுருக்கத்தின் விளைவுதான்.

இறுகிய பாதையை விரிக்கும் சிகிச்சைகளில் ஒன்று பலூன். 1977-இல் சூரிச்சில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் இதய ரத்தக்குழாயை விரிக்கப் பயன்படுத்திய அதே யோசனை பின்னர் மூச்சுப்பாதைக்கும் வந்தது. ஆனால் இரண்டு இடமும் ஒன்றல்ல. மூச்சுப்பாதையில் வழக்கமான பலூன் விரிந்திருக்கும் நேரம் முழுக்க நோயாளிக்குக் காற்றே போகாது. முன்கூட்டி ஆக்சிஜன் நிரப்பிய பெரியவர் சில நிமிடம் தாங்குவார். குழந்தையின் உடல், எடைக்கு எடை, ஏறக்குறைய இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவிடுவதால் ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று இறங்கிவிடும். மருத்துவரின் கண் தழும்பிலும் காது ஆக்சிமீட்டரின் ஒலியிலுமாக இருக்கும். ஒலி தாழ்ந்தால், தழும்பு நெகிழ்ந்ததோ இல்லையோ, பலூனைச் சுருக்கியாக வேண்டும்.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், மருத்துவர்கள் கொண்டுவரும் இத்தகைய சிக்கல்களை உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்கள் குழுவாக எடுத்துக் கருவி வடிவமைப்பது படிப்பின் பகுதி. இந்தச் சிக்கலைக் கேட்டதும் தோன்றும் விடை எளியது: பலூனின் நடுவே ஒரு துளை விடலாம், மூச்சு அதன் வழியே போகட்டும். காகிதத்தில் வளையம் வரைந்ததும் வேலை முடிந்ததாகவே தோன்றும். உண்மையில் தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

பலூன் வெளிப்பக்கம் மட்டும் தள்ளுவதில்லை. 8 வளிமண்டல அழுத்தம் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 8 கிலோ எடை. அதே அழுத்தம் நடுக்குழாயையும் நசுக்கும். மெல்லிய குழாய் உறிஞ்சப்பட்ட தண்ணீர் பாட்டில்போல் ஒட்டிக்கொள்ளும். சுவரைத் தடிமனாக்கினால் துளை சிறுக்கும். நான்காம் அடுக்கு மறுபடி கணக்கைக் கெடுக்கும். மயக்க மருத்துவர்கள் பயன்படுத்தும், கம்பிச்சுருள் பதித்த குழாய் இங்கே நல்ல வழிகாட்டி: சுருள் சுவரைத் தாங்குவதால் எளிதில் நசுங்காது.

துளை கிடைத்துவிட்டால் உள்ளே போகும் ஆக்சிஜனை மட்டும் கணக்கிடுவது பெரிய தவறு. உள்ளே போன காற்று வெளியேயும் வர வேண்டும். அழுத்தத்தோடு செலுத்திவிட்டு வெளியேற வழி விடாவிட்டால் நுரையீரல் உப்பிக் கிழியும். பாதுகாப்புக்கென்று செய்த கருவி பழைய பலூனைவிட ஆபத்தானதாகிவிடும்.

அடுத்தது சுருங்கும் நேரம். பலூனில் காற்றை அல்ல, உப்புநீரை நிரப்புவதே நல்லது. வெடித்தால் அழுத்தப்பட்ட காற்றுபோல் சீறாது. ஆனால் அந்த நீர் நூல்போன்ற வழியாகத் திரும்பி வர வேண்டும். குழந்தையின் மூச்சைத் தடுக்கும் அந்த நான்காம் அடுக்கு விதியே இங்கே பலூன் சுருங்குவதையும் தாமதப்படுத்துகிறது. நீர் வரும் வழியைச் சற்றே அகலமாக்கினால் பல நொடிகள் மிச்சமாகும்.

இன்னொன்றும் உண்டு. விரியும் பலூன், விரலிடுக்கில் அழுத்திய ஈரப் புளியங்கொட்டைபோல் சுருக்கத்திலிருந்து வழுக்கி ஓடும். இருமுனையும் பருத்து நடு இடுங்கிய உடுக்கை வடிவம் அதைப் பிடித்து நிறுத்தும்.

இவற்றையெல்லாம் சோதிக்க சிலிக்கோன் மாதிரியும் பன்றியின் மூச்சுக்குழலும் போதும். மாதிரியில் தழும்பின் இறுக்கத்தைப் போலச் செய்வதுதான் கடினம். மெத்தென்ற ரப்பர் எந்தப் பலூனுக்கும் வழிவிடும். பலூன் எத்தனை அழுத்தத்தில் வெடிக்கிறது, அப்போது துண்டு எதுவும் உதிர்கிறதா என்பதை வேண்டுமென்றே வெடிக்கவைத்துப் பார்க்க வேண்டும்.

நோயாளிகளில் பலருக்குத் தழும்பு மறுபடி இறுகும். அவர்கள் திரும்பவும் அதே அறுவை மேசையில் படுக்க வேண்டியிருக்கும்.