எட்டுக் கட்டத்தில் தென்காசி

தென்காசி நாலெழுத்து. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையும் விரல் விட்டுச் சொல்லிவிடும். கம்ப்யூட்டருக்கு அது எட்டு. யூனிகோடில் த தனி, அதன் கொம்பு தனி. ன தனி, தலையில் இருக்கிற புள்ளி தனி. குற்றால சீசனில் கூடலாம் என்று பழைய மாணவர்கள் பேசி, அதற்காக ஒருவர் செய்து அனுப்பிய பிடிஎஃப் படிவத்தில் ஊர்ப் பெயருக்குக் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எட்டுக் கட்டம். தென்காசி மட்டுமட்டாக அடங்கியது, கொம்பும் காலும் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்து. ஐந்தெழுத்துக் குற்றாலத்துக்கோ ஒன்பது கட்டம் வேண்டும். கடைசிப் புள்ளிக்கு இடமில்லாமல் ‘குற்றாலம’ ஆயிற்று. அருவி பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க, பெயரைக்கூட முழுசாக எழுத வழியில்லை.

இன்னொரு கூத்து. தன் பெயரை அடித்தால் துணைவர் பெயருக்கான இடத்திலும் அதுவே வந்து விழுகிறது. செய்தவர் ஒரு பெட்டியை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். உள்ளே இரண்டுக்கும் ஒரே அடையாளப் பெயர். அப்படியிருந்தால் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தெரியும். எங்கள் செட்டில் பாதிப் பேர் தங்களையே கட்டிக்கொண்டவர்கள் ஆனார்கள்.

தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடைத் தம்பியிடம் காட்டினேன். வாட்ஸப்பில் சிலரிடமிருந்து படிவம் வெறுமையாக வந்ததையும் சொன்னேன். “செல்லுல திறந்து நிரப்புவாங்க, சேவ் பண்ணாம வந்த ஃபைலையே திருப்பி அனுப்பிருவாங்க அண்ணாச்சி. நிரப்பினதும் பிரிண்ட் கொடுத்து, பிடிஎஃப்பா சேவ் பண்ணி அதை அனுப்பச் சொல்லுங்க” என்றான். கட்டங்களையும் அவனே திருத்தியிருப்பான். ஆனால் படிவம் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தது. செய்தவர் சிங்கப்பூரில் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடையை விட்டு வெளியே வந்ததும் கோபுரம் கண்ணில் பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன் அங்கே ஒரு பாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். வழக்கமாக ராஜாக்களின் கல்வெட்டில் மெய்க்கீர்த்தி இருக்கும், கொடுத்த நிலத்தின் கணக்கு இருக்கும், தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற மிரட்டல் இருக்கும். இந்தப் பாட்டில் மிரட்டல் கிடையாது. இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வருமானால், அதை நீக்கிக் காப்பவர் யாராயிருந்தாலும் அவரை ஊரறிய இப்போதே வணங்குகிறேன் என்கிறான். கட்டிக்கொண்டிருக்கும்போதே பழுதை நினைத்தவன்! அதைச் சரிசெய்யப்போகிறவன் தனக்கு முன்பின் தெரியாதவன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் பயந்தபடியே கோபுரம் பிளந்தது. தலைமுறை தலைமுறையாக மொட்டையாக நின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கிற ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் குடமுழுக்கு கண்டது. எடுத்துக் கட்டியவர்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டைப் படித்திருப்பார்களோ. கும்பிடு அவர்களுக்கு முன்கூட்டியே போய்விட்டது.

கோபுர வாசலில் எப்போதும் அடிக்கிற காற்றில் நின்று செல்லை எடுத்து எங்கள் படிவத்தைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: அடித்தல் திருத்தல் கூடாது.