கேன் மூடியைத் திருகும் முன்

கோவை கணபதியில் சத்தி ரோட்டைவிட்டு உள்ளே திரும்பும் தெருக்களில் காலை ஒன்பதுக்குள் ஷட்டர்கள் ஏறிவிடும். லேத் பட்டறை, பம்புக்கு உதிரி கடையும் கூடம், டிங்கரிங் கடை என்று நீளும் வரிசையில் இந்தக் கார் ஒர்க்‌ஷாப்பும் ஒன்று. தகரக் கூரை. நடுவில் ஆள் இறங்கி நிற்க ஒரு குழி. சுவரில் அளவு வாரியாக ஸ்பேனர்கள். வண்டி விட வந்தவர்களுக்கு ஓரமாக ஒரு பெஞ்ச். அதில் உட்கார்ந்தால் குழிக்குள் நடக்கும் வேலையும் தெரியும், மேலே நடக்கும் பேச்சும் கேட்கும்.

குழியின்மேல் வெள்ளை ஸ்விஃப்ட் நிற்கிறது. கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். சூடான ஆயில்தான் அடியில் தங்கிய கசடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். டிரெயின் நட்டை ஸ்பேனரால் இளக்கிவிட்டு மீதியை விரலால் திருகுகிறார். கடைசி மரை விடுபடும்வரை நட்டை மேல்நோக்கி அழுத்தியே பிடித்திருக்கிறார். பிறகு ஒரே இழுப்பு. கை விலகிய இடத்தில் கறுத்த ஆயில் தட்டில் விழுகிறது. முதலில் விரல் தடிமனில், பிறகு மெலிந்து, பிறகு சொட்டுச் சொட்டாக.

உதவிக்கு நிற்கும் பையன் நட்டை எடுத்துக் கொடுக்க அவசரப்படுகிறான்.

"சொட்டு நிக்கட்டும்டா."

அந்த நேரத்தில் விரல்நுனியில் ஆயிலைத் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்து, கூரை இடுக்கில் விழும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். உலோகத் துகள் மின்னினால் உள்ளே எதுவோ தேய்கிறது. மின்னவில்லை. நட்டில் ஒட்டியிருந்த பழைய வாஷரை நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது மாட்டுகிறார். ஒருமுறை நசுங்கிப் பதிந்த வாஷர் மறுமுறை அதே பிடிப்போடு பதியாது. அதில் சில ரூபாய் மிச்சம் பிடித்தால் போகிற வழியெல்லாம் ஆயில் சொட்டும்.

வண்டிக்காரர் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். மகனுடைய கார். ஆயிலையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். டிராக்டருக்கு வாங்கும் 15W-40.

"இதையே ஊத்தீருங்க தம்பி. நல்ல கெட்டி ஆயிலு. நம்ம வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தான் எஞ்சினு தாங்கும்."

மெக்கானிக் மறுத்துப் பேசவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வண்டி புஸ்தகம் இருக்குதுங்களாய்யா?" என்று கேட்கிறார். டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிறது. இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். அவன் பக்கத்தைத் தேடி, வரியில் விரல் வைத்துப் படிக்கிறான்: 0W-16.

"பதினாறா? அது தண்ணியாட்ட ஓடுமே!"

"ஓடோணும்னுதானுங்கய்யா அப்படிச் செஞ்சிருக்கறாங்க. உள்ள இருக்கற இடுக்கு அவ்வளவு சின்னது."

அவர் சொன்னது அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது. W-வுக்கு முன்னால் வரும் எண் குளிருக்கானது. 0W ஆயில் மைனஸ் 35 டிகிரியிலும் எஞ்சினைச் சுழலவிட வேண்டும். 15W ஆயிலுக்கு அந்தச் சோதனை மைனஸ் 20 டிகிரியில் முடிந்துவிடும். அப்படிப்பட்ட குளிர் கோவைக்கு வராது. ஆனால் எஞ்சினைப் பொறுத்தவரை நம் ஊர் விடியற்காலையும் குளிர்தான். ஓடிச் சூடேறிய ஆயிலைவிட, இரவெல்லாம் நின்ற வண்டியின் ஆயில் பல மடங்கு கெட்டியாக இருக்கும். சாவி திருப்பியதும் அது சம்ப்பிலிருந்து கேம்ஷாஃப்ட் வரை ஏறிவந்தால்தான் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே படலம் உண்டாகும்.

பின்னால் வரும் எண் சூட்டுக்கானது. 100 டிகிரி செல்சியஸில் 16 என்ற ஆயிலின் பாகுத்தன்மை 6.1 முதல் 8.2 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும். 40 என்றால் 12.5 முதல் 16.3. ஏறத்தாழ இரட்டிப்பு. வெளியே 28 டிகிரி அடித்தாலும் 38 அடித்தாலும் தெர்மோஸ்டாட் எஞ்சினை ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கும். நம் வெயிலுக்காக இந்த எண்ணை நாமே உயர்த்த வேண்டியதில்லை. அதோடு, இந்த மாதிரிப் புது எஞ்சின்களில் வால்வு திறக்கும் நேரத்தை முன்பின்னாக நகர்த்துவதே ஆயிலின் அழுத்தம்தான். சின்னச் சின்னத் துளைகள் வழியே அது ஓடிப்போய்ச் சேர வேண்டும்.

கெட்டி ஆயில் ஊற்றினால் வண்டி அன்றைக்கே நின்றுவிடாது. மைலேஜ் கொஞ்சம் குறையும், பிக்கப் மந்தமாகும், ஒவ்வொரு காலையும் எஞ்சினின் மேல்பாகத்துக்கு ஆயில் தாமதமாகப் போய்ச் சேரும். அன்றைக்கே நிற்காததுதான் இதில் உள்ள ஆபத்து. தவறான ஆயிலை ஊற்றிய நாளுக்கும் எஞ்சின் வேலைக்குப் பிரிக்கும் நாளுக்கும் நடுவே வருடங்கள் ஓடிவிடும். அதற்குள் கார் கை மாறியும் இருக்கும். ஊற்றியவர் ஒருவர், செலவழிப்பவர் வேறொருவர்.

தோப்புக்காரர் புத்தகத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தானே படிக்கிறார். கொஞ்ச நேரம் ஆகிறது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சரி. புஸ்தகத்துல இருக்கறதையே ஊத்துங்க."

புதுக் கேன் வருகிறது. மூடியின் வளையம் உடையாமல் இருப்பதை அவரிடம் காட்டிவிட்டுத்தான் மெக்கானிக் திருகுகிறார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் அந்த ஆயிலில் ஒரு விரல் தடவி, கையாலேயே ஏற்றி இறுக்குகிறார். சொன்ன அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, ஆயில் கீழே இறங்கும்வரை காத்திருந்து டிப்ஸ்டிக்கை உருவுகிறார். துடைத்து மறுபடி செருகி, மறுபடி உருவுகிறார். இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கிறது. மேல்கோடு வரை கொஞ்சம் சேர்க்கிறார், அதைத் தாண்டவிடவில்லை. அளவு மிஞ்சினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்குப் படலம் பிடிக்கும் பலம் கிடையாது. காலியான கேனைப் பையன் ஸ்க்ரூடிரைவரால் நான்கு இடத்தில் குத்துகிறான். குத்தாத கேன் பழைய சாமான் கடை வழியாகப் போய், யாரோ எதையோ நிரப்பி, புது ஆயில் என்று இன்னொருவர் வண்டிக்குத் திரும்பி வரலாம்.

அடுத்து டிராவல்ஸ் ஓட்டுநர் ஒருவர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டி. தள்ளுபடியில் கிடைத்தது என்று இவரும் கேன் கொண்டுவந்திருக்கிறார்.

"புக்க நானே பாத்துட்டேனுங்ணா. அதுலயும் 5W-30, இதுலயும் 5W-30."

மெக்கானிக் கேனைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படிக்கிறார். இன்னொரு முறை படிக்கிறார்.

"எண்ணு சரிங்க. எழுத்து இல்லீங்க."

புத்தகத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஏசிஇஏ சி3 என்று இருக்கிறது. கேனில் ஏபிஐ எஸ்என் மட்டும்தான். எஸ் வரிசை பெட்ரோல் எஞ்சினுக்கு, சி வரிசை டீசலுக்கு என்பது அமெரிக்க ஏபிஐயின் பிரிவு. ஐரோப்பிய ஏசிஇஏயின் சி வகை வேறு. புகைக்குழாய் வழியில் டீசல் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள வண்டிகளுக்காக, எரிந்தபின் சாம்பல் குறைவாக மிஞ்சும்படி செய்த ஆயில் அது. சி3-க்கு உச்சவரம்பு 0.8 சதவீதம். வடிகட்டியில் சேரும் கரியை வண்டி அவ்வப்போது தானே சூடேற்றி எரித்துக்கொள்ளும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். ஒரு டிபிஎஃப் மாற்றும் செலவில் வருடக்கணக்காகச் சரியான ஆயில் வாங்கலாம்.

ஓட்டுநருக்குக் கேன் வாங்கிய காசு போகிறதே என்ற கவலை. சீல் உடைக்காததால் கடையில் மாற்றித் தருவார்கள் என்கிறார் மெக்கானிக். "உடைச்சு ஊத்தியிருந்தா நானும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க." ஓட்டுநர் கேனோடு பைக் ஒன்றில் ஏறிப் போகிறார். வண்டி குழியில் காத்திருக்கிறது. பாதி ஊற்றிவிட்டு யோசிப்பதைவிட ஒரு மணி நேரம் நிற்பது மேல் என்பது இங்கே எழுதாத விதி.

மரத்தடியில் இன்னொரு வண்டி நிற்கிறது: அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். ஓய்வுபெற்ற அதிகாரி போலத் தெரியும் அதன் சொந்தக்காரர், விலை உயர்ந்த ஃபுல் சிந்தடிக் 5W-30 ஊற்றச் சொல்கிறார். வண்டிமேல் அவ்வளவு பாசம். நல்லது எதுவோ அதைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை.

"வேண்டாங்க சார். வெல ஒசந்ததுனால அது இந்த வண்டிக்கு ஒசத்தி ஆயிராது. இதுக்கு 20W-40 போதும்."

கடந்த நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் பிறந்த எஞ்சின் அது. பேரிங் இடைவெளிகள் அகலம், சீல்கள் பழசு. மெல்லிய ஆயில் அங்கே அழுத்தம் பிடிக்காது, இணைப்புகள் வழியே கசியும். கேம்மும் டேப்பட்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடும் அந்த அமைப்புக்குத் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம் நிறைய வேண்டும். இன்றைய பெட்ரோல் கார்களின் மெல்லிய ஆயில்களில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகப் பாஸ்பரசுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த விலைக்கு விற்றிருந்தால் மெக்கானிக்குக்கு லாபம் கூடியிருக்கும். அவர் தடித்த, மலிவான கேனை எடுத்து வைக்கிறார்.

முதலில் வந்தவருக்கு மெல்லியது சரி, மூன்றாமவருக்குத் தடித்தது சரி, நடுவில் வந்தவருக்கு எண் பொருந்தியும் போதவில்லை. கெட்டி நல்லது, விலை கூடியது நல்லது, பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றுவது நல்லது என்று நாம் வைத்திருக்கும் நம்பிக்கைகளில் ஒன்றுகூட இந்த மூன்று வண்டிக்கும் பொதுவாகப் பொருந்தவில்லை. எஞ்சினை வடிவமைத்தவர்கள் தங்கள் வேலையின் கடைசி வரியாக ஆயிலின் பெயரை எழுதிவைக்கிறார்கள். சில வண்டிகளில் ஆயில் மூடியிலேயே பொறித்திருக்கும். அதைப் படித்துவிட்டு ஊற்றுவது, எஞ்சினுக்கு நாம் செய்யக்கூடியவற்றில் மிகக் குறைந்த செலவில் முடிகிற பெரிய நன்மை. இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

வடித்த கழிவு ஆயில் மூலையில் உள்ள டிரம்முக்குப் போகிறது. சட்டப்படி அது அபாயகரமான கழிவு, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பவேண்டியது. சாக்கடைப் பக்கம் ஒரு சொட்டும் போவதைக் காணோம்.

தோப்புக்காரருக்குப் பில் எழுதுகிறார் மெக்கானிக். வெறும் 'ஆயில் சர்வீஸ்' என்று முடிப்பதில்லை. ஆயிலின் கிரேடு, அளவு, மீட்டரில் ஓடிய கிலோமீட்டர், அடுத்து மாற்றவேண்டிய கிலோமீட்டர், தேதி எல்லாம் இருக்கின்றன. பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அது. "ஓடலைன்னாலும் வருசம் ஆச்சுன்னா கொண்டாந்துருங்க. ஓடாம நின்னாலும் ஆயிலு கெடுமுங்க."

பெரியவர் பில்லை மடித்துப் பையில் வைக்கிறார். கொண்டுவந்த 15W-40 கேனைக் கையில் எடுத்தவர், நின்று கேட்கிறார்:

"அப்ப என்ற டிராக்டருக்கு இதை ஊத்தறது சரிதானுங்களா?"

"பெரும்பாலும் சரியாத்தான் இருக்குமுங்கய்யா. ஆனா நானா சொல்லமாட்டேன். அடுத்த தடவ அதோட புஸ்தகத்தையும் கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."