நாலு பிள்ளைகளும் ஒரு கூடார வண்டியும்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் என் தங்கைக்கு நாலு பிள்ளைகள். விடுமுறைக்காகக் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் கூடார வண்டி வாங்கப் போனோம்.

"ஆறு பேர் படுக்கலாம்" என்றார் கடைக்காரர். தங்கை பிள்ளைகளைப் படுக்க வைத்தாள். மூத்தவன் கால் வெளியே நீண்டது! அடுத்த வண்டி விசாலம்; ஆனால் கார் இழுக்காத பாரம். தொட்டியில் 80 லிட்டர் தண்ணீர் என்றால் அதுவே 80 கிலோ அல்லவா? மூன்றாவது வண்டியில் அடுக்குக் கட்டில். பாரமும் அளவாக இருந்தது.

தெற்கே சுமார் 220 கிலோமீட்டரில் பஸ்ஸல்டன் கடற்கரை. வண்டிக்குள் ஆளேற்றி ஓட்டக்கூடாது. பிள்ளைகள் காரில்தான் வந்தார்கள். அன்றிரவு மழை. நால்வரும் நனையாமல் தூங்கினார்கள்.

லயத்து வீட்டில் ஒரே பாயில் ஐவராகப் படுத்து வளர்ந்தவள் என் தங்கை. இடத்தின் அருமை அவளுக்குத் தெரியாதா?