கறுப்பு எண்ணெய்க்குள் முதல் பளிங்கு

நுவரெலியாக் குளிரில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாய் உறைவது கண்ணுக்குத் தெரியும். மசகு எண்ணெயோ கறுப்பு. உள்ளே மெழுகு உருவானாலும் வெளியே தெரியாது. அதனால் ஒரு துளியை மெதுவாகக் குளிரவிட்டு, முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டியால் பார்ப்பார்கள். இருட்டில் முதல் மெழுகுப் பளிங்கு மின்னும்போது வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள்.

அப்போதும் எண்ணெய் ஓடும். ஆனால் அதைவிடக் குளிர்ந்தால் குழாய்ச் சுவரில் மெழுகு படியத் தொடங்கும். ராஜஸ்தானின் மங்களா எண்ணெயை ஏறக்குறைய 65 பாகை செல்சியஸில் வைத்திருக்கத்தான் சுமார் 670 கிலோமீற்றர் குழாயை வழிநெடுகச் சூடாக்குகிறார்கள்.

பெற்றோரே, வகுப்பிலும் இப்படித்தான். பிள்ளை பாடசாலைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். உள்ளே ஏதோ உறையத் தொடங்கியிருக்கும். பெறுபேறு வரும்வரை காத்திராமல் இன்றைக்கே பக்கத்தில் இருந்து கதைத்துப் பாருங்கள்.