சுங்கை லெம்பிங் சொல்லும் பாடம்

கடந்த பள்ளி விடுமுறையில் ஜொகூர் பாருவிலிருந்து குடும்பத்துடன் மகிழுந்தில் பகாங் மாநிலத்தின் சுங்கை லெம்பிங்கிற்குச் சென்று வந்தேன். குவாந்தான் நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் மலைகள் சூழ்ந்த பழைய ஈயச் சுரங்க ஊர் அது.

1906இல் தொடங்கப்பெற்ற பிரிட்டிஷ் நிறுவனம் இங்கு நிலத்தடியில் 300 கிலோமீட்டருக்கும் மேலாகச் சுரங்கப்பாதை குடைந்தது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. மறு ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புத் தேடி இளையோர் வெளியேறினர். மேலாளர் வாழ்ந்த மாளிகை இன்று அருங்காட்சியகம்.

அதனுள் நின்றபோது நம் ஜொகூர்த் தோட்டங்களே என் நினைவுக்கு வந்தன. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. நம் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் குறைந்தனர். ஆயினும், அங்குப் பிரட்டுக்களத்தையும் லயன் வீடுகளையும் காட்ட மாளிகை எதுவும் இல்லை.

பெற்றோரே, தாத்தா பாட்டி பால்வெட்டிய தோட்டத்தின் பெயரையேனும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அதனைக் கட்டுரையாக எழுதச் செய்யுங்கள். அருங்காட்சியகம் வாய்க்காத ஊர்களுக்கு அந்த ஏடுகளே சான்றாகட்டும்.