எருமைக் கொட்டாயில் ஏழு நாள்

எங்க ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில் சுமார் 16 கிலோமீட்டர், செய்யாற்றங்கரை. சம்பந்தர் பாடின சிவன் கோயில் இருக்கிறது. சுவாமி உடும்பு வால் மாதிரி மெலிந்த திருமேனி. பொன் உடும்பைத் துரத்திக்கொண்டு வந்த ராஜேந்திர சோழனுக்குப் புற்றுக்குள்ளே அகப்பட்டவர் என்று தலபுராணம் சொல்லும். துரத்தினால் ஏதாவது கிடைக்கும் என்பது ராஜாக்களுக்குச் சரி. நான் சிங்கப்பூரில் ஒரு வீட்டைத் துரத்திக்கொண்டு போன கதை வேறு!

31 வருஷம் பூகோள வாத்தியார் நான். தேசப்படத்தில் சிங்கப்பூரைப் பிரம்பால் தொட்டு, "பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு டிகிரி சொச்சம்" என்று ஒப்பிக்காத பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். ஆனால் போனதில்லை. மகளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாசமே ஊருக்கு அழைத்து வருவதாக இருந்தோம். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் தாய்வீடே புறப்பட்டுப் போயிற்று.

புறப்படுகிறபோது என் வீட்டுக்காரி அழுதாள். என்னைப் பிரிகிற துக்கம் இல்லை, நான்தான் கூடவே போகிறேனே! எருமையைப் பிரிகிற துக்கம். வேறு கை பட்டால் அது பால் விடாது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு மூணு தடவை திரும்பிப் பார்த்தாள்.

என் துக்கம் மீனம்பாக்கத்தில். மெல்லுகிற புகையிலை அந்த நாட்டுக்குள் கூடாது என்று மாப்பிள்ளை போனிலேயே எச்சரித்திருந்தார். 1992-லேயே சூயிங்கம்முக்குத் தடை போட்ட ஊராயிற்றே! பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மௌன அஞ்சலி செலுத்தினேன்.

நாலு மணி நேரத்தில் சாங்கி. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நான் வாட்சைத் திருப்பிவைத்தேன். இவள் மறுத்துவிட்டாள்.

"மாத்திட்டா அங்க எப்ப பால் கறக்கிற நேரம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆக ஒரே வீட்டில் இரண்டு நேரம். நான் காலை ஏழுக்கு எழுந்தால் இவளுக்கு நாலரை. நான் ராத்திரி பத்துக்குப் படுத்தால் இவளுக்கு ஏழரைதான். உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள்.

வீடு ஹவ்காங்கில், ஒன்பதாவது மாடி. அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடி. அங்கே முக்கால்வாசிப் பேருக்கு மேல் இப்படிப்பட்ட வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் நாங்கள் செய்த உதவி என்ன தெரியுமா? அடுப்பை எப்படிப் பற்றவைப்பது என்று இவள் கேட்டாள். வெந்நீர்க் குழாய் எது என்று நான் கேட்டேன். என் எட்டு முழ வேட்டியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அது பறந்த பறப்பில் எட்டாம் மாடிக்காரர்கள் சூரியனையே பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மகள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்து வரவேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கோ ஷிப்ட் வேலை.

மூன்றாம் நாள் காலை, 'சும்மா ஒரு நடை' என்று கிளம்பினேன். செல்போன் சார்ஜில் இருந்தது. பூகோள வாத்தியாருக்குப் போன் எதற்கு?

திரும்பி வந்தால் எல்லா பிளாக்கும் ஒரே அச்சு! அதே லிப்ட், அதே தாழ்வாரம். ஒன்பதாவது மாடி ஏறினேன். சாவியை நுழைத்தேன், திரும்பவில்லை. பலமாக ஆட்டினேன். உள்ளேயிருந்து ஒரு சீனப் பாட்டி கதவைத் திறந்தார்! என் வேட்டியையும் முழியையும் பார்த்துப் பயப்படாமல், "அங்கிள், விச் பிளாக்?" என்றார். மாடி ஞாபகம் இருந்தது. பிளாக் நம்பர்? ஊஹூம்.

அந்தம்மா செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கீழே அழைத்து வந்தார். இரண்டாவது கட்டடத்தின் அடியில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள் என் மகள். ஒரு கை இடுப்பில், ஒரு கை தூணில். முக்கால் மணி நேரமாக என்னைத் தேடியிருக்கிறாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி இவள் மெதுவாகத்தான் சொன்னாள்:

"என்னாங்க, நாம அவளைப் பார்த்துக்க வந்தோமா, அவ நம்மளைப் பார்த்துக்கறாளா? திடீர்னு வலி எடுத்தா, மாப்பிள்ளையும் இல்லன்னா? ஊருக்கே திரும்பிடலாமா, சொல்லுங்க."

நாலாம் நாள் காலை என் உள்ளங்கையில் பேனாவால் பிளாக் நம்பரை எழுதினாள். இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம். கறிவேப்பிலை வாங்கவேண்டும், ஆஸ்பத்திரிக்கு வழியும் தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டுக்கும் ஒரே ஸ்டேஷன், லிட்டில் இந்தியா. ஹவ்காங்கிலிருந்து ஏழாவது நிறுத்தம். அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. 2003-லிருந்து தானாகவே பூமிக்கடியில் ஓடுகிறது. "நம்ம வீடும் இப்படித்தான். நீங்க ஓட்டறதா நெனச்சிக்கினு இருக்கீங்க" என்றாள். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டது.

மேலே ஏறினால் எதிரே தெருப் பலகை: 'பஃபலோ ரோடு'. படித்துச் சொன்னேன்.

"எருமை ரோடா?" இவளுக்கு முகமே மாறிவிட்டது.

விளையாட்டில்லை. அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் மாட்டு வியாபாரமும் தொழுவங்களும்தான். நம்மவர்கள் நிறையப் பேர் அந்தத் தொழிலில் இருந்தார்கள். இன்னொரு தெரு கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். இதைவிட விசேஷம், மகள் பதிவு செய்திருந்த கே.கே. ஆஸ்பத்திரி. அந்த இரண்டு எழுத்து 'காண்டாங் கெர்பாவ்'. அர்த்தம், எருமைக் கொட்டில்! 1966-ல் ஒரே வருஷத்தில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸில் ஏறிய ஆஸ்பத்திரி அது. பழைய கட்டடத்திலிருந்து 1997-ல் புது இடத்துக்கு மாறியும் பேர் மட்டும் கொட்டிலேதான்.

"கொட்டாயை விட்டு வந்தேன்னு அழுதேன். இங்கயும் கொட்டாய்தானா!" என்று நடுரோட்டில் சிரித்தாள். ஊரைவிட்டு வந்து அவள் சிரித்த முதல் சிரிப்பு.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை, பூண்டு, பிரசவ மருந்துச் சாமான் எல்லாம் தமிழிலேயே பேரம். எனக்கு வெற்றிலைகூடக் கிடைத்தது. டீக்கடையில் ஒரு பாடம் படித்தேன். சும்மா 'தே' என்றால் கெட்டிப்பால், சர்க்கரை நோய்க்காரனுக்கு விஷம். 'தே சி கோசோங்' என்று கேட்கவேண்டும். கோசோங் என்றால் சூனியம், சீனி கிடையாது. மந்திரம் மாதிரி ஜபித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தோம், அடி எண்ணித் திரும்பினோம். அதற்கடுத்த இரண்டு நாளும் அதே ஒத்திகை.

ஏழாம் நாள் ராத்திரி ஒரு மணி. மகளுக்கு வலி. மாப்பிள்ளை நைட் ஷிப்டில். இவள் தூங்கவே போகவில்லை. மாகறலில் பத்தரைதானே! பை, ஃபைல் எல்லாம் தயார். மாப்பிள்ளை அங்கிருந்தே செல்போனில் டாக்ஸியை அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்ஸி அடுத்த பிளாக்கில் போய் நின்றது. ஓடிப்போய்ச் சரியான பிளாக்குக்குக் கூட்டிவந்தது யார்? உள்ளங்கையில் நம்பர் எழுதியிருந்த அடியேன்தான்.

விடிவதற்கு முன்னால் பேத்தி பிறந்தாள். நர்ஸ் 5.50 என்றார். இவள் வாட்சைப் பார்த்து 3.20 என்று குறித்துக்கொண்டாள். ஜாதகத்துக்கு எந்த நேரம் என்று அப்போதே ஒரு சண்டை.

நான் தனியாக நடந்து போய், "தே சி கோசோங், ரெண்டு" என்றேன். "சீனி வேணாமாண்ணே?" என்று கடைக்காரர் தமிழில் கேட்டார். வழி தவறாமல் திரும்பி வந்து மாகறலுக்குப் போன் போட்டேன். எங்களுக்கு ஏழரை, அங்கே ஐந்து.

"பேத்தி பொறந்திருக்கா" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் வாத்தியாரே. போனை அக்காகிட்ட குடுங்க. இந்த எருமை மூணு நாளா உதைக்குது, சொட்டுப் பால் விடலை. காதுல வைக்கிறேன், ஒரு வார்த்தை பேசட்டும்."

இவள் வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, "த்தா... த்தா... இதோ வந்துடறேன்மா, நில்லு" என்று கொஞ்ச ஆரம்பித்தாள். தள்ளுவண்டியோடு வந்த சீன நர்ஸ் நின்று பார்த்தார். பேத்தியோடுதான் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். நான் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.