எல்ஜின் பிரபுவும் இரு நெருப்புகளும்

எல்ஜின் என்றதும் ஏதென்சு நகரத்துப் பார்த்தினன் கோயிற் சிற்பங்களைப் பெயர்த்துச் சென்ற பிரபுவே பலரின் நினைவுக்கு வருவார். அவர் ஏழாவது எல்ஜின். அச்சிற்பங்களைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1816 இல் 35,000 பவுணுக்கு வாங்கிற்று. தாம் செலவிட்டதாக அவர் காட்டிய தொகையில் அது பாதியளவும் இல்லை. எனவே, 1811 இற் பிறந்த மைந்தர் ஜேம்ஸ் புரூசுக்குப் பட்டத்தோடு கடனும் முதுசமாக வந்து சேர்ந்தது.

ஒக்ஸ்போட்டிற் கற்று, 1842 இல் யமேக்காவின் தேசாதிபதியாகிய அவர், 1847 இற் கனடாவின் மகாதேசாதிபதியானார். கனடாவுக்குப் பொறுப்பாட்சி வேண்டுமென 1839 இல் அறிக்கை சமர்ப்பித்த டறம் பிரபு அவருடைய மாமனார். மாமனார் எழுதியதை மருமகன் செயலிற் காட்ட வேண்டியவரானார். 1837, 1838 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிகளின்போது கீழ்க் கனடாவில் உடைமை இழந்தோர்க்கு நட்டஈடு வழங்கும் சட்டமூலத்தைச் சட்டசபை நிறைவேற்றியது. கிளர்ச்சிக்காரருக்கும் பணமா என ஆங்கிலேயர் கொதித்தெழுந்தனர். எனினும் 1849 ஏப்ரல் 25 ஆந் திகதி எல்ஜின் அதற்கு ஒப்பமிட்டார். அவரது வண்டிமீது முட்டைகள் வீசப்பட்டன; அன்றிரவே மொன்றியலிலிருந்த பாராளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது. படைபலங்கொண்டு பழிதீர்க்க அவர் முற்படவில்லை. அவர் வாழ்வின் மிக உயர்ந்த கணம் அதுவே எனலாம்.

1857 இற் சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டவரும் இதே மனிதரே. அவ்வாண்டு டிசெம்பரிற் கன்ரன் நகரம் பீரங்கிக்கு இலக்கானபோது, தாம் வெட்குவதாக மனைவிக்கு எழுதினார். ஆயினும் பீரங்கிகள் ஓயவில்லை. 1858 இல் தியென்சின் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதே ஆண்டில் அபினி வாணிகமும் சட்டபூர்வமாயிற்று. உடன்படிக்கையை நிலைநாட்ட 1860 இல் மீண்டும் புறப்பட்டவர், மே மாதம் நமது காலித் துறைமுகத்தில் 'மலபார்' என்னும் கப்பல் உடைந்தபோது உயிர் தப்பினார்.

அவ்வாண்டு ஒக்தோபரில், சமாதானக் கொடியுடன் சென்று சிறைப்பட்டவர்களுட் பலர் வதைபட்டு மாண்ட செய்தி கிட்டிற்று. மக்களையன்றிப் பேரரசரையே தண்டிக்க வேண்டும் என்று எல்ஜின் வாதித்தார். பீக்கிங்கின் அருகே, யுவான்மிங்யுவான் மாளிகைகள் இரு நாட்டுப் படையினராலும் ஏற்கெனவே சூறையாடப்பட்டிருந்தன. அவற்றை எரிக்கும்படி அவர் கட்டளையிட்டார். பிரெஞ்சுத் தூதரான குரோ பிரபு அதிற் பங்குகொள்ள மறுத்துவிட்டார். 18 ஆந் திகதி தீ மூட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாகச் சீனக் கைவினைஞர் சமைத்த மண்டபங்களும் அரிய நூல்களும் சாம்பலாயின. பேரரசரோ முன்னரே வடக்கே ஓடிவிட்டார். அப்படியாயின் தண்டனை யாருக்கு? ஆறே நாட்களில் பீக்கிங் உடன்படிக்கை கைச்சாத்தாகி, கவுலூன் பிரித்தானியர் வசமாயிற்று.

மொன்றியலில் நெருப்பிட்டோர் அவரது இனத்தவர். அங்கே பொறுமை கைகூடிற்று. பீக்கிங்கில் அது ஏன் கைகூடவில்லை என்பதை அவருடைய கடிதங்களை மட்டும் கொண்டு விளக்கிவிட இயலாது. அவற்றிற் பேசுபவர் இரக்கமுள்ள ஒருவரே.

1862 இல் இந்தியாவின் இராசப்பிரதிநிதியாகப் பதவியேற்ற எல்ஜின், இமயமலைப் பயணத்தின்போது நோயுற்று, 1863 நவெம்பர் 20 ஆந் திகதி தர்மசாலாவிற் காலமானார். அங்குள்ள தேவாலய வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.